நசுங்கிய நூல்

அத்தியாயம் 6

"அந்த ஸ்கேலக் கீழ வைங்க சார்" என்றாள் தமிழ்செல்வி.

இளம்பரிதி வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் சாதாரண ஸ்டீல் ஸ்கேல். நேற்று மாலை அதைத்தான் ஆதாரம் என்று தூக்கிக் காட்டி, தெருவே கூடி நிற்க, திலீப் என்கிற மெக்கானிக்கைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தார்.

அரக்கோணம் சாலையில் இருந்தது தமிழ்செல்வியின் லேத் பட்டறை. டிப்ளமோ படித்தவள். பாங்கில் கடன் வாங்கிச் சொந்தமாக மெஷின் போட்டவள். வாயில் மட்டும் மசகு எண்ணெய் கிடையாது.

"நேத்து நான் திருப்பதி போயிருந்த நேரத்துல, விபத்தான வண்டியோட எஞ்சின என் பட்டறைக்குக் கொண்டாந்து பிரிச்சு, இதால அளந்தீங்களா?"

"ஆமாம்."

"அத வெச்சி ஒரு பையன் பேரக் கெடுத்தீங்களா?"

இளம்பரிதியின் உதவியாளர் யுவஸ்ரீ, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"சார், நம்ம விசிட்டிங் கார்டுல 'துல்லியமான துப்பறிதல்'னு போட்டிருக்கு" என்றாள் மெதுவாக. "எங்கிட்ட மார்க்கர் பேனா இருக்கு. இப்பவே அடிச்சிடவா?"

விஷயம் இதுதான்.

கே.ஜி.கண்டிகை கஜபதியின் மகள் ப்ரியாவுக்குத் திருத்தணி மலைமேல் நிச்சயதார்த்தம். அதற்காக வீட்டில் இருந்த பழைய அம்பாசடரின் எஞ்சினைப் பிரித்துப் புதுசு போல ஆக்கச் சொல்லி, தங்கை மகன் திலீப்பிடம் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா ஹேமநாதனை முன் சீட்டில் உட்கார வைத்து, கஜபதியின் மகன் சூர்யபிரகாஷ் மலைப்பாதையில் ஓட்டிப் போனான். வளைவு ஏறும்போது எஞ்சின் இறுகி நின்றது. வண்டி பின்னால் உருண்டு தடுப்புச் சுவரை உரசியது. ஜன்னல் விளிம்பில் ஹேமநாதன் கை வைத்திருந்தார். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அந்தக் கை நசுங்கியது.

நிச்சயம் நின்றுபோனது.

ப்ரியாவைத் திலீப்புக்குத்தான் கொடுப்பார்கள் என்று சொந்தத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கஜபதி வெளியில் கொடுத்தார். எஞ்சினைக் கட்டியவன் திலீப். கோபத்துக்குக் காரணம் உள்ளவனும் திலீப். இளம்பரிதிக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஓர் ஆதாரம். ஒன்றைத் தேடும்போது அது கிடைத்துவிடுகிறது. அதுதான் இந்தத் தொழிலின் ஆபத்து.

"கிட்ட வாங்க" என்றாள் தமிழ்செல்வி.

மேஜைமேல் எஞ்சின் தலைகீழாக இருந்தது. நீளமான கிராங்க் தண்டு. அதைத் தாங்கும் பேரிங்குகள். ஒவ்வொரு பேரிங்கையும் மூடி இறுக்கும் இரும்பு கேப். நடுப் பேரிங் மட்டும் உருகிக் கறுத்துப் போயிருந்தது. மற்றவை பழுதில்லை.

"தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவுல தலைமுடி கனத்துக்கு ஒரு சந்து இருக்கணும். அங்கதான் ஆயில் நிக்கும். சந்து குறைஞ்சா ஆயில் போகாது, சூடேறி உருகி இறுகிடும். இது வரைக்கும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மூடினப்புறம் சந்து கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தப் பச்சை மெழுகு நூலு." அவள் ஒரு துண்டைத் தண்டின்மேல் கிடத்தி, கேப்பை மூடி, அளவு காட்டும் ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினாள். "தண்டத் திருப்பக்கூடாது. திருப்பினா நூல் இழுத்துக்கும்."

கழற்றினாள். நூல் நசுங்கி, தட்டையான பச்சைக் கோடாக ஒட்டியிருந்தது.

"நேத்து இதானே பாத்தீங்க?"

"ஆமாம். கோடு குறுகலாத்தான் இருந்தது. அதனால சந்தும் குறுகல். எல்லா பேரிங்கையும் வேணும்னே டைட்டா மாட்டியிருக்கான்னு..."

"இருங்க."

பேரிங்கின் அடியில் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகினாள். "இப்ப சந்து முன்னைவிடக் குறைஞ்சிடுச்சி. சரியா?" புதுத் துண்டு நூல். கேப். போல்ட். மறுபடி கழற்றினாள்.

பச்சைக் கோடு முன்னைவிட அகலமாக இருந்தது.

"எது டைட்டு?"

"இது... ரெண்டாவது."

"எது அகலம்?"

இளம்பரிதிக்குக் காது மடல் சுட்டது. நசுங்க நசுங்க நூல் அகலமாகும். அகலம் அதிகம் என்றால் சந்து குறைவு. அவர் நேற்று குறுகலான கோட்டைப் பார்த்து, குறுகலான சந்து என்று எடுத்துக்கொண்டார். தலைகீழ்.

"திலீப் மாட்டினது எல்லாம் கரெக்டா இருக்குது சார்" என்றாள் தமிழ்செல்வி. "அவன் நூலே வெக்கமாட்டான். மைக்ரோமீட்டர்ல பாப்பான். நீங்க குத்தம்னு காட்டினீங்க பாருங்க, அதுதான் அவன் ஒழுங்கா செஞ்ச வேலை."

நேற்றைய கூட்டம் இளம்பரிதியின் கண்முன் வந்தது. தான் ஸ்கேலை உயர்த்திப் பிடித்ததும், யாரோ கை தட்டியதும், திலீப் ஒன்றும் பேசாமல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்ததும்.

"நடு பேரிங்?" என்று கேட்டார்.

தமிழ்செல்வி உருகிய பேரிங்கின் கேப்பைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பாகத்தில் பளபளவென்று புதுக் கீறல்கள். "அரம் போட்டு ராவியிருக்காங்க. அடிய ராவினா கேப் கீழ இறங்கும், சந்து குறையும். தொழில் தெரிஞ்ச எவனும் இதச் செய்யமாட்டான். கெடுக்கணும்னா ஆயில்ல ஒரு பிடி மண்ணு போதுமே."

"யுவஸ்ரீ, நேத்து பிரிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தியே."

"ரீல்ஸ் போடலாம்னு எடுத்தேன். நல்லவேளை, போடல." போனை நீட்டினாள்.

இளம்பரிதி படத்தைப் பெரிதாக்கினார். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு. அந்தக் கோடு கேப்பிலும் தொடர வேண்டும். தொடரவில்லை. போல்ட்டில் ஒரு பக்கம், கேப்பில் வேறொரு பக்கம்.

"இறுக்கி முடிச்சதும் திலீப் இழுக்கற கோடு அது" என்றாள் தமிழ்செல்வி. "கோடு விலகியிருந்தா, அப்புறம் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம்."

"எல்லா போல்ட்டுலயும் விலகியிருக்கு" என்றார் இளம்பரிதி. "கெடுக்க வந்தவன் ஒண்ணக் கழட்டினா போதும். இவன் எல்லாத்தையும் கழட்டியிருக்கான். அளந்து பாக்கறதுக்காக." நிமிர்ந்தார். "எல்லாத்தையும் அளந்து, ஒண்ணுல மட்டும் நூல் கோடு மத்ததவிடக் கொஞ்சம் அகலமா இருக்கறதப் பாத்து, அது லூசுன்னு நினைச்சு, டைட் பண்றதுக்காக ராவியிருக்கான். நான் பண்ணின அதே தப்பு."

"இந்த நூல் வர்ற காகித உறையில எந்த அகலத்துக்கு எந்தச் சந்துன்னு அச்சடிச்சே இருக்கும்" என்றாள் தமிழ்செல்வி. "அத வெச்சிப் பாத்தா தப்பே வராது. உங்க உறை எங்க?"

"கடையில தரல. சில்லறையா வெட்டிக் குடுத்தாங்க."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தன்னைப் போலவே தப்பாக அளந்தவன், தன்னைப் போலவே உறையில்லாத நூலை வாங்கியிருக்க வேண்டும்.

"வண்டிய எடு யுவஸ்ரீ."

பஜாரில் சேட்டுவின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. பெயர்தான் சேட்டு. பிறந்ததும் வளர்ந்ததும் திருத்தணி.

"உறையா? எலி கடிச்சிடுச்சிங்க. நூலு மட்டும் நல்லா இருந்திச்சி. வீணாக்குவானேன்னு வெட்டி வெட்டிக் குடுத்துக்கினு இருக்கேன்."

"எலிய விசாரிக்கலாமா சார்?" என்றாள் யுவஸ்ரீ.

இளம்பரிதி சிரிக்கவில்லை. "என்னைத் தவிர வேற யாரு வாங்கினாங்க?"

"ஒரே ஒருத்தருதாங்க. நம்ம கண்டிகை கஜபதி பையன்."

"சூர்யபிரகாஷா?"

"ஆங். இத எப்படி வெக்கறதுன்னுகூடக் கேட்டாப்ல. எனக்கென்னங்க தெரியும்? தங்கச்சிக்கு மலைமேல நிச்சயம், சாப்பாடு இருக்குது, நீங்க கண்டிப்பா வரணும்னு சொல்லிட்டுப் போனாப்ல. நல்ல பையன்." சேட்டு குரலைத் தாழ்த்தினார். "அந்த மெக்கானிக்க நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே? ஊரெல்லாம் அதே பேச்சு."

கடையை விட்டு இறங்கியதும் யுவஸ்ரீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சார், தப்பு பண்ணப் போறவன் கடைக்காரர விருந்துக்குக் கூப்பிடுவானா?"

"மாட்டான். அவனுக்குத் தான் செஞ்சது தப்புன்னு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது." இளம்பரிதி கஜபதிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. "இன்னிக்கு மத்தியானம் திலீப் மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறதா சொன்னாரு. சாட்சிக் கையெழுத்து போடறது சூர்யபிரகாஷ்."

கே.ஜி.கண்டிகை வரும்வரை யுவஸ்ரீ ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

கஜபதியின் வீட்டு வாசலில் பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. கட்டிய வாழை மரங்கள் அப்படியே வாடித் தொங்கின. கஜபதி சட்டையில் பேனாவைச் செருகிக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். பக்கத்தில் சூர்யபிரகாஷ். பின்கட்டில் கஜபதியின் மனைவி சுலோச்சனா, நிச்சயத்துக்குப் பாகு போட்டு வைத்த அதிரச மாவு கெட்டுப்போகக் கூடாதென்று, இலையில் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். விசேஷம் நின்ற வீட்டில் பலகார வாசனை.

"வாங்க சார். நீங்களும் கூட வர்றீங்களா?" என்றார் கஜபதி.

"கொஞ்சம் உக்காருங்க. நேத்து நான் சொன்னது தப்பு."

கஜபதி உட்காரவில்லை. "எது தப்பு?"

"அளவு. திலீப் சரியாத்தான் கட்டியிருக்கான். நான் நூலத் தலைகீழாப் படிச்சிட்டேன்."

"சும்மா சொல்லாதீங்க சார்" என்றான் சூர்யபிரகாஷ். "திலீப் பாவா வெச்சதுல ஒண்ணு லூசா இருந்திச்சி. நானே என் கண்ணால பாத்தேன். வேணும்னுதான் விட்டுருக்காரு. நான் சரி பண்ணது மட்டும் இல்லன்னா இன்னும் மோசமா ஆயிருக்கும்."

சொல்லும்போது அவன் முகத்தில் ஒளிவு மறைவே இல்லை. அதைத்தான் இளம்பரிதியால் தாங்க முடியவில்லை. அவர் பின்கட்டுக்குப் போனார். அப்பாவும் மகனும் பின்னால் வந்தார்கள்.

"அம்மா, அந்த உருண்டைய லேசா தட்டுங்க."

சுலோச்சனா ஒன்றும் புரியாமல் தட்டினாள். உள்ளங்கையளவில் மாவு பரந்தது.

"இன்னும் அழுத்துங்க. இலையோட ஒட்டற மாதிரி."

அழுத்தினாள். மாவு மெலிந்து, இலை விளிம்பு வரைக்கும் அகன்றது.

"கைக்கும் இலைக்கும் நடுவுல எடம் எப்ப கம்மியா இருந்திச்சி தம்பி?" என்று கேட்டார் இளம்பரிதி. "மாவு சின்னதா இருந்தப்பவா, அகலமா ஆனப்பவா?"

சூர்யபிரகாஷ் இலையையே பார்த்தான். பிறகு தரையில் குந்தினான்.

"அம்மா, இன்னொரு தபா அழுத்து" என்றான்.

சுலோச்சனா அழுத்தவில்லை. மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"அப்ப அது லூசு இல்லியா?" என்றான் அவன். "நான்தான் இறுக்கினேனா?"

இளம்பரிதி ஆமென்று தலையசைத்தார்.

"ஊருல எல்லாரும் சொன்னாங்க, பாவாவுக்கு மனசுல கோவம் இருக்கும், வண்டிய எதுக்கும் பாத்துக்கோன்னு. நான் நேரா அவர்கிட்டதான் போனேன். எப்படி அளக்கறது, எனக்குக் காட்டுங்கன்னு கேட்டேன். கடையில நாலு பேரு இருந்தாங்க. 'சேத்துல நின்னு உழறவனுக்கு எதுக்குடா மைக்ரோமீட்டரு'ன்னு சிரிச்சிட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. சரி, நாமளே கத்துக்கலாம்னு போன்ல வீடியோ பாத்தேன். பாதிதான் பாத்தேன் நைனா. மீதியும் பாத்திருக்கணும்."

"அந்த மனுஷனோட கை போச்சேடா" என்றார் கஜபதி.

"நான் பத்திரமா கூட்டிப்போகணும்னுதான் நைனா பண்ணேன்."

அறைக் கதவு திறந்தது. ப்ரியா நின்றாள். இத்தனை நாளில் இளம்பரிதி அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

"பாவா அப்படிச் செய்யமாட்டாருன்னு அன்னிக்கே சொன்னேன் நைனா" என்றாள். "அவருக்கு ஏன் பரிஞ்சு பேசறேன்னு எம்மேலயே சந்தேகப்பட்டீங்க. அதுக்கப்புறம் வாயத் தொறக்கல."

கஜபதி சட்டையிலிருந்த பேனாவை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலக் கையில் வைத்திருந்தார். "நேத்து ராத்திரி என் தங்கச்சி கௌரி போன் பண்ணிக்கினே இருந்தா. நான் எடுக்கல" என்றார். "கூடப்பொறந்தவ."

பைபாஸ் பக்கம் திலீப்பின் ஒர்க்ஷாப் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நேற்று உள்ளே வண்டிகள் நெருக்கியடித்து நின்ற இடம் காலியாக இருந்தது. ஓர் ஆட்டோவைப் பாதி வேலையிலேயே தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் ஸ்டெப்னி மட்டும் மூலையில் சாய்ந்திருந்தது.

வாசலில் கௌரியம்மாள் நின்றாள். அண்ணனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வா என்று சொல்லவில்லை.

இளம்பரிதி ஷட்டருக்குக் கீழே குனிந்தார். "திலீப், நான் சொன்னது..."

"உள்ள வந்து சொல்லாதீங்க சார்" என்றது குரல். "நேத்து எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னு சொல்லுங்க."

இளம்பரிதி நிமிர்ந்து தெருவுக்கு வந்தார். எதிரில் டீக்கடை, பக்கத்தில் பஞ்சர் கடை. நேற்றைய முகங்கள் பல அங்கேயே இருந்தன. இன்னொரு சாகசத்தை எதிர்பார்த்து நெருங்கி வந்தார்கள்.

"நேத்து திலீப்பக் குற்றவாளின்னு சொன்னேன். அது தப்பு. எனக்கு அளக்கத் தெரியல. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அவன் வேலையில ஒரு குறையும் இல்ல."

நேற்று தெருக்கோடி வரை கேட்ட குரல் இன்று டீக்கடை வரைக்கும்கூட எட்டவில்லை. "என்ன சொல்றாரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். இளம்பரிதி மறுபடி முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"கேப்ப ராவினது நான்" என்றான் சூர்யபிரகாஷ் பக்கத்தில் வந்து. "வண்டி ஓட்டினதும் நான். பாவா மேல பழி போட விட்டதும் நான்தான்."

ஷட்டர் மேலே ஏறியது. திலீப் வெளியே வந்தான். தூங்காத கண்கள்.

"நேத்து நீங்க கொண்டாந்த கேப்பப் பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சிடுச்சி" என்றான்.

"தெரிஞ்சும் ஏன் பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள் யுவஸ்ரீ.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களாம்மா? பொண்ணு குடுக்கலன்னு மச்சான் மேல பழிய திருப்பறான்னு சொல்லியிருப்பீங்க."

இளம்பரிதிக்குத் தெரியும். அப்படியேதான் சொல்லியிருப்பார். அந்த வாக்கியம் அவரிடம் நேற்றே தயாராக இருந்தது.

திலீப் சூர்யபிரகாஷைப் பார்த்தான். "நீ கேட்டப்ப சிரிச்சேன் பாரு. நேத்து அதையும் நெனச்சிக்கினேன். அதான் சொல்ல வாய் வரல."

"மாப்பிள்ள அப்பா ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. நான் போய் சொல்லிடறேன் பாவா."

"எப்படி ஆச்சின்னு கேப்பாரு. உனக்கு ஒழுங்கா சொல்ல வராது. இரு, நானும் வர்றேன்."

கஜபதி தங்கை முன்னால் போய் நின்றார். பேச வாயெடுத்தவரை அவள் கையமர்த்தினாள். "இப்ப வேணாம் அண்ணா. முதல்ல அந்த மனுஷனப் போய்ப் பாருங்க. வீட்டுக்கு அப்புறம் வரலாம்." மன்னித்தேன் என்று அதற்கு அர்த்தமில்லை. வராதே என்றும் அர்த்தமில்லை.

இளம்பரிதியும் அவர்களோடு நகர்ந்தார். திலீப் நின்றான்.

"நீங்க வேணாம் சார். இங்கயே இருங்க. வண்டிய எடுத்துக்கினு போனவங்க இந்த வழியாத்தான் போவாங்க வருவாங்க. கேட்டா சொல்லுங்க."

அவர்கள் போனார்கள். யுவஸ்ரீ ஒரு டீயை வாங்கி வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் சூர்யபிரகாஷிடமிருந்து அவளுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தாள். "ஹேமநாதன் ஒண்ணும் சத்தம் போடலியாம் சார். நிச்சயத்தப் பத்தி கை சரியானப்புறம் பேசலாம்னாராம். வேணாம்னு சொல்லல."

"திலீப்?"

"உங்களப் பத்தி ஒண்ணும் சொல்லல."

ஓர் ஆட்டோ வேகம் குறைத்து நின்றது. டிரைவர் உள்ளே எட்டி, மூலையிலிருந்த தன் ஸ்டெப்னியைப் பார்த்தார். பிறகு இளம்பரிதியைப் பார்த்துச் சலாம் வைத்தார். "நேத்து நான் இங்கதான் இருந்தேன் சார். சூப்பரா புடிச்சீங்க அவன. நல்லவேளை, என் வண்டியத் தள்ளிக்கினு போயி வேற எடத்துல வேலைய முடிச்சிட்டேன்."

இளம்பரிதி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இல்லீங்க" என்றார். "நான் தப்பா அளந்துட்டேன்."

மத்தியானத்திலிருந்து எத்தனையோ பேரிடம் சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவையாகவே இருந்தது.